எஸ். ஜானகி பாடல் தொகுப்பு: செயலியா, சிடியா, இசைத்தட்டா, கேசட்டா?

எஸ். ஜானகியின் பாடல்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘எதில் சேர்ப்பது?’ என்றுதான் தொடங்குகிறார்கள். இதற்கு ஒரே விடை கிடையாது. 1957-இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் தொடங்கிய குரல், 2016-இல் மலையாளத்தில் ‘10 கல்பனகள்’ படத்துக்குப் பாடிய தாலாட்டு வரை ஒலித்திருக்கிறது. அதற்குள் 78 சுழற்சித் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது), ஈபி, எல்பி என்னும் இசைத்தட்டுகள், கேசட், சிடி, எம்பி3, செயலி என்று ஊடகமே ஆறேழு முறை மாறிவிட்டது. ஒரு பாட்டு எதில் நன்றாகக் கிடைக்கும் என்பதை முடிவு செய்பவை இரண்டு: அது எந்த ஆண்டுப் பதிவு, எந்தக் கம்பெனி வெளியிட்டது. இதைப் பிடித்துக்கொண்டால் வீண் செலவு பாதிக்கு மேல் குறையும்.

ஜானகி விஷயத்தில் ஒலித்தரத்துக்குக் கூடுதலாகக் கவலைப்படவும் காரணம் உண்டு. ‘மௌன கீதங்கள்’ படத்தின் ‘டாடி டாடி’யில் குழந்தைக் குரல், ‘காற்றுக்கென்ன வேலி’யில் கட்டவிழ்ந்த இளம்பெண், ‘சின்னத் தாயவள்’ பாட்டில் தழுதழுக்கும் தாய். இந்த மாற்றங்கள் ஸ்வரத்தில் இருப்பதைவிட மூச்சிலும், ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் விளிம்பிலும், வரி முடியும் இடத்தில் குரல் கரையும் விதத்திலும்தான் இருக்கின்றன. தரம் குறைந்த எம்பி3-யும், இரைச்சலை நீக்குகிறேன் என்று அழுத்தமாகப் போடும் மென்பொருளும் முதலில் தின்பது இந்த நுணுக்கங்களைத்தான். மெட்டு மிஞ்சும், ஆள் மறைந்துவிடுவார்.

செயலிகள்: தேட நல்லவை, நம்ப முடியாதவை

மாதம் நூறு ரூபாய்க்கு மேல் கொஞ்சம் கட்டினால் ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் ஆகியவற்றில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். மொழி தாண்டித் தேடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. ‘ஆட்டோ ராஜா’வின் ‘சங்கத்தில் பாடாத கவிதை’யைக் கேட்டவர் அதே மெட்டில் மலையாள ‘ஓளங்ஙள்’ படத்துக்கு ஜானகி பாடிய ‘தும்பி வா’வை அடுத்த நிமிடமே கேட்கலாம். ‘16 வயதினிலே’ தெலுங்கில் ‘பதஹாரேள்ள வயசு’ ஆனபோது சக்கரவர்த்தி இசையில் அவர் பாடிய ‘சிரிமல்லெ புவ்வா’வை, இளையராஜாவின் ‘செந்தூரப் பூவே’க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சிக்கல் தகவலில் இருக்கிறது. பல ஆல்பங்களில் பாடியவர் பெயர் பாட்டுவாரியாக இல்லாமல் ஆல்பம் முழுவதற்கும் ஒட்டுமொத்தமாக ஏற்றப்பட்டிருக்கும். சோதிக்க நல்ல ஆல்பம் ‘ஜானி’ (1980). அதில் ‘காற்றில் எந்தன் கீதம்’ மட்டும்தான் ஜானகி. ‘என் வானிலே’ ஜென்ஸி, ‘ஒரு இனிய மனது’ சுஜாதா, ‘ஆசையக் காத்துல’ எஸ்.பி. ஷைலஜா. ஒரு செயலி இந்த நான்கையும் சரியாகப் பிரித்துக் காட்டினால் அதன் பெயர்ப் பட்டியலை ஓரளவு நம்பலாம். எல்லாமே ‘எஸ். ஜானகி’ என்று வந்தால், அங்கே இருக்கும் ‘ஜானகி ஹிட்ஸ்’ பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரே நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் சிதறியிருப்பதால், பாடகர் பெயரில் தேடுவதைவிடப் படத்தின் பெயரில் தேடுவதே மேல்.

ஆண்டு இன்னொரு குழப்பம். பல இடங்களில் காட்டப்படுவது படம் வந்த ஆண்டு அல்ல, நிறுவனம் மின்வடிவில் ஏற்றிய ஆண்டு. 1962-ஆம் ஆண்டுப் பாட்டு 2000-களுக்குப் பிந்தைய ஆண்டோடு நிற்கும். காலவரிசையில் கேட்க நினைப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

மறுபதிவுகளும் காலை வாரிவிடும். ‘புத்தம் புது காலை’ 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’க்காக ஜானகி பாடியது. படத்தில் அது இடம்பெறவில்லை. தட்டிலும் கேசட்டிலும் மட்டுமே வந்தது. பின்னர் 2014-இல் ‘மேகா’வில் வேறு குரலில் பதிவானது. தேடினால் இரண்டும் கலந்து வரும். படத்தின் டிவிடியிலிருந்து ஒலியைப் பிரித்து எடுத்துத் தொகுப்பவர்களுக்கு இந்தப் பாட்டு கிடைக்கவே கிடைக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, செயலியில் இருப்பது எதுவும் நம் சொத்து அல்ல என்பது. ரெஸ்ஸோ, விங்க் என்ற பாட்டுச் செயலிகள் இரண்டும் 2024-இல் இந்தியாவில் மூடப்பட்டன; அவற்றில் உழைத்துச் செய்த பட்டியல்களும் போயின. செயலி நிற்கும்போதே பாட்டு மட்டும் காணாமல் போவதும் உண்டு. இளையராஜா பாடல்களின் உரிமை தொடர்பாக எக்கோ, அகி போன்ற நிறுவனங்களோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. ஜானகியின் 1980-களில் பெரும்பகுதி அந்தப் பாடல்கள்தான். எனவே செயலியை வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள், கிடங்காக வைக்காதீர்கள். பட்டியலை மட்டும் தனியே ஒரு விரிதாளில் எழுதி வைத்தால் செயலி மூடினாலும் உழைப்பு மிஞ்சும்.

பாட்டுப் பெட்டியும் பென்டிரைவும்

சரிகமவின் காரவான் தமிழ்ப் பெட்டியில் 5,000 பாட்டு இருக்கிறது. இணையம் வேண்டாம், திருகினால் பாடும். வீட்டில் வயதானவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதில் இருப்பது சரிகமவின் கையிருப்பு மட்டுமே, அதாவது பழைய எச்எம்வி, கொலம்பியா வழிவந்தவை. 1950-கள் முதல் 70-களின் நடுப்பகுதிவரை அடர்த்தியாகவும், அதற்குப் பிறகு ஓட்டை ஓட்டையாகவும் இருக்கும். இன்ரெகோவும் எக்கோவும் வெளியிட்ட படங்களை அதில் தேடிப் பயனில்லை. யுஎஸ்பி துளை இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் அந்த ஓட்டைகளை நம் கோப்புகளால் அடைத்துக்கொள்ளலாம்.

கடைத்தெருவில் ‘ஜானகி 500 பாட்டு’ என்று விற்கும் பென்டிரைவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமை இல்லாத நகல் என்பது ஒருபுறம். மறுபுறம், எங்கிருந்தோ இறக்கிய 128 கேபிபிஎஸ் (எண் குறைந்தால் ஒலித்தரமும் குறைவு) கோப்பையே ‘320’ என்று மாற்றிப் போட்டிருப்பார்கள். கோப்பின் அளவு பெருகும், இழந்த ஒலி திரும்பாது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும்.

சிடி: எண்பதுகளுக்கு முதல் தேர்வு

1976 ‘அன்னக்கிளி’யில் தொடங்கி 90-களின் இறுதிவரை, அதாவது ஜானகியின் தமிழ்ப் பாடல்களில் அதிகம் கேட்கப்படும் பகுதிக்கு, நல்ல அச்சு சிடிதான் விலைக்கும் தரத்துக்கும் பொருந்துவது. 1978-இல் வந்த ‘ப்ரியா’ தமிழில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் படம். யேசுதாஸோடு ஜானகி பாடிய ‘ஏ பாடல் ஒன்று’ அதில் இருக்கிறது. அதன் பிறகு வந்த பதிவுகளில் இடம் வலம் பிரிந்து நிற்கும் வயலின்களும் கிட்டாரும் சிடியில் தெளிவாகக் கேட்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. அட்டையில் ‘எம்பி3’ என்று எங்காவது இருந்தால் அது ஆடியோ சிடி அல்ல. ஐம்பது, நூறு பாட்டை அமுக்கித் திணித்தது. ஆடியோ சிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும், அதாவது பதினைந்து பாட்டு அல்லது அதற்குச் சற்றுக் கூட. தட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். பச்சை, நீலம், ஊதாச் சாயல் தெரிந்தால் அது கணினியில் எரித்த நகல். சாயம் வெளுத்துச் சில ஆண்டுகளில் படிக்காமல் போகக்கூடும். நடுவட்டத்தை ஒட்டிப் பொறித்த எண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

‘ஹிட்ஸ்’ தொகுப்புகளைத் தவிர்த்து, இரண்டு மூன்று படங்கள் முழுமையாக உள்ள சிடிகளை வாங்குவதே நல்லது. ஓரியன்டல், பிரமிட் போன்ற நிறுவனங்களின் பழைய சிடிகளை இளையராஜா ரசிகர்கள் இன்றும் தேடி அலைவது இதற்காகத்தான். ஹிட்ஸ் தொகுப்பு எத்தனை வாங்கினாலும் அதே முப்பது பாட்டுதான் சுற்றிச் சுற்றி வரும். ‘காதல் ஓவியம்’ முழுதாக இருந்தால் ‘நாதம் என் ஜீவனே’வோடு மற்றவையும் சேர்ந்து வரும், தொகுப்பில் அந்த ஒன்று மட்டும்தான் வரும்.

கணினிக்கு மாற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போதும். அந்த மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும் இணையத் தரவுத்தளத்தில் தமிழ் சிடிகள் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் இரண்டு முறை படிக்கவைத்து, இரண்டு முறையும் ஒரே சரிபார்ப்பு எண் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாட்டின் போக்கிலேயே விழும். பிழை திருத்தும் வசதியால் அதைச் சமாளிக்க முடியாது. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் நாலரை நிமிடப் பாட்டு ஏறத்தாழ 25 எம்பி. ஆயிரம் பாட்டுக்கு 25 ஜிபிதான் ஆகிறது. இந்தக் காலத்தில் எம்பி3-யாகச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இசைத்தட்டு: அறுபதுகளுக்காக மட்டும் என்றால் நியாயம்

ஜானகியின் பெயரை நிலைநாட்டிய பாட்டு 1962-இன் ‘கொஞ்சும் சலங்கை’யில் வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், அதோடு நேருக்கு நேர் நின்ற ‘சிங்காரவேலனே தேவா’. அதே ஆண்டு ‘போலீஸ்காரன் மகள்’ படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸோடு ‘இந்த மன்றத்தில் ஓடி வரும்’. மலையாளத்தில் பாபுராஜ் இசையில் ‘பார்கவி நிலயம்’ (1964), தெலுங்கில் ‘பூஜா பலம்’ (1964), கன்னடத்தில் ‘கெஜ்ஜெ பூஜெ’ (1969) என்று அந்தப் பத்தாண்டு நான்கு மொழிகளிலும் நிறைந்தது. இவை எல்லாமே மோனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒரே தடப் பதிவு. இவற்றை மின்வடிவில் ஏற்றியபோது சிலவற்றில் எதிரொலி சேர்த்தும், போலி ஸ்டீரியோ ஆக்கியும் கெடுத்திருக்கிறார்கள். நாதஸ்வரத்தையும் குரலையும் எதிரெதிர் மூலைக்கு இழுத்துவிட்டால் அந்தப் போட்டியின் உயிரே போய்விடும். இங்கேதான் நல்ல நிலையில் உள்ள ஒரு மூலத் தட்டு, எந்தச் செயலியையும் வெல்கிறது.

போலி ஸ்டீரியோவைக் கண்டுபிடிப்பது எளிது. ஆடாசிட்டியில் இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி மோனோவாகக் கேளுங்கள். உண்மையான மோனோ மாறாது. போலி என்றால் குரல் பின்வாங்கி, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

தட்டு என்றாலும் மூன்றும் ஒன்றல்ல. 60-களின் கடைசிவரை இந்தியாவில் 78 சுழற்சித் தட்டு அச்சானது. ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடம்தான். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக உடைத்தார்கள் அல்லது சரணம் ஒன்றைக் குறைத்தார்கள். ஈபி ஏழு அங்குலம், 45 சுழற்சி, பெரும்பாலும் நான்கு பாட்டு. எல்பி பன்னிரண்டு அங்குலம், 33⅓ சுழற்சி, பக்கத்துக்கு இருபது நிமிடம் சுற்றி. அறுபதுகளின் ஜானகிக்கு ஈபிதான் சிறந்த இலக்கு: பாட்டு முழுதாக இருக்கும், 45 சுழற்சி என்பதால் உச்ச ஒலிகள் தெளிவாக இருக்கும், எல்பியை விட வைக்க இடமும் குறைவு. எல்பியில் பக்கத்தின் கடைசிப் பாட்டைத் தனியே கவனியுங்கள். உள்வட்டத்தில் ஊசி ஒரு நொடியில் கடக்கும் தூரம் குறைவதால், ஜானகியின் உச்சஸ்தாயி ‘ஸ’ அங்கே பிசிறடிக்கும்.

பழைய தட்டு வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் பெரும்பாலும் கேட்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் ‘டிக் டிக்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். கீறலே இல்லாமல், ஊசி ஓடும் பள்ள வரிகள் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்தால் அதுதான் மோசம். கனத்த ஊசியால் நூற்றுக்கணக்கான முறை ஓட்டித் தேய்ந்த தட்டு அது. குரல் மேலே போகும்போதெல்லாம் கரகரக்கும், எந்தக் கழுவலும் சரிசெய்யாது. நம் ஊரில் பெட்டி பிளேயரில் ஓடிய தட்டுகள்தான் அதிகம் என்பதால் இந்தக் குறை பரவலாக உண்டு. புகழ்பெற்ற பாட்டு இருக்கும் பக்கம் தேய்ந்து, மறுபக்கம் புதிதுபோல் இருப்பதும் சகஜம். முடிந்தால் கடையிலேயே ஓட்டிக் கேளுங்கள்.

பிளேயருக்குப் பதினைந்தாயிரம் ரூபாயாவது ஒதுக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் சூட்கேஸ் வகை பிளேயர்கள் ஐந்து கிராமுக்கு மேல் எடை வைத்து அழுத்தும். நல்ல காந்த கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) இரண்டு கிராம் போதும். தொடக்கநிலைத் தானியங்கி பிளேயர்கள் பலவற்றில் 78 சுழற்சி கிடையாது. இருந்தாலும் அதே ஊசியில் ஓட்டக் கூடாது. எல்பி ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. மெல்லிய ஊசி அகன்ற வரியின் அடித்தூசியில் உருண்டு இரைச்சலை மட்டும் எடுக்கும். 78 ஊசியை எல்பியில் வைத்தாலோ தட்டே போச்சு.

கழுவுவதிலும் இதே எச்சரிக்கை. எல்பி, ஈபிக்குக் காய்ச்சி வடித்த நீரோடு பத்துப் பதினைந்து சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்க்கலாம். 78 தட்டு அரக்கால் ஆனது. ஆல்கஹால் பட்டால் கரையும். அதற்கு நீரும் சோப்பும் மட்டும், லேபிள் நனையாமல். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் உறைகளைத் திறந்து வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. படுக்கவைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள்.

மோனோ தட்டைக் கணினியில் பதியும்போது 24 பிட்டில், உச்ச அளவு −6 டெசிபலைத் தாண்டாமல் பதிந்து, பிறகு இரண்டு தடத்தையும் ஒன்றாக்குங்கள். குரல் இரண்டிலும் ஒன்றேதான். தூசிச் சத்தம் வெவ்வேறு. எனவே ஒன்றாக்கும்போதே இரைச்சல் கணிசமாகக் குறையும். பெரிய ‘டிக்’ ஒலிகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். தானியங்கி இரைச்சல் நீக்கியைத் தொட வேண்டாம்.

எண்பதுகளின் எல்பிகள், குறிப்பாக எக்கோ வெளியீடுகள், ஒலியில் அருமையானவைதான். ஆனால் சேகரிப்போர் போட்டியில் அவற்றின் விலை ஏறிக் கிடக்கிறது. அதே படம் நல்ல சிடியில் கிடைத்தால் அந்தப் பணத்தை அறுபதுகளின் ஈபிகளுக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம்.

கேசட்: வேறு வழி இல்லாதபோது

ஒலித்தரத்தில் கடைசி இடம் கேசட்டுக்குத்தான். ஆனாலும் தூக்கி எறியக் கூடாது. சிடியாகவே வராத சிறு படங்கள், பக்திப் பாடல்கள், கன்னடத் தனிப்பாடல்கள் போன்றவை இதில்தான் இருக்கின்றன. இன்னொரு வகை, ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள். சென்டர்காரர் நல்ல தட்டிலிருந்து எடுத்திருந்தால், 60 நிமிடக் கேசட்டில் சந்தையில் இல்லாத அபூர்வங்கள் மாட்டும்.

முதல் வேலையாக முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட நாடா பிரியும். உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும்; அதே அளவு கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டலாம். ஒலி மந்தமாகவே இருந்தால், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை, மோனோவில் கேட்டபடி, ‘ஸ’ எழுத்து கூர்மையாகும் இடம்வரை மெல்லத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த இடம் வேறுபடும்.

வேகப் பிழைதான் ஜானகிக்கு அதிகம் தீங்கு செய்வது. ஓட்டம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். ஏற்கெனவே மேலே நிற்கும் குரல், கீச்சுக் குரலாகிவிடும். சுருதிச் செயலி ஒன்றால் சிடியிலோ நல்ல தட்டிலோ உள்ள அதே பாட்டின் ஆதார ஸட்ஜத்தோடு ஒப்பிட்டு, வேகத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைப் பயன்படுத்தினால் தாளம் தவறாகவே நிற்கும்.

கையில் உள்ள பணத்துக்கு எது

மாதம் நூற்றுச் சொச்சம்தான் முடியும் என்றால் ஒரே ஒரு செயலி, கூடவே சொந்த விரிதாள். ஐந்தாயிரம் ரூபாய் இருந்தால் யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்றும், 1976–1995 காலத்துப் பட சிடிகள் சிலவும். இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டினால்தான் பிளேயர், ஈபி பற்றி யோசிக்கலாம். பெரியவர் ஒருவருக்குப் பரிசாக என்றால் காரவான், விவாதமே வேண்டாம்.

எதை முதலில் வாங்குவது என்று தடுமாறுகிறவர்கள் தேசிய விருது பெற்ற நான்கிலிருந்து தொடங்கலாம்: ‘16 வயதினிலே’ (1977), மலையாள ‘ஓப்போள்’ (1980), தெலுங்கு ‘சிதாரா’ (1984), ‘தேவர் மகன்’ (1992). மூன்று மொழி, பதினைந்து ஆண்டு. நான்கும் நான்கு வேறு குரல். அடுத்ததாகச் சுப்பையா நாயுடு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாபுராஜ், ராஜன்–நாகேந்திரா, இளையராஜா, ரகுமான் என்று இசையமைப்பாளர் வரிசையில் விரித்துக்கொண்டே போகலாம். 2014-இல் ‘வேலையில்லா பட்டதாரி’யில் தனுஷோடு பாடிய ‘அம்மா அம்மா’ வரை வந்தால் தமிழ் வரிசை ஏறத்தாழ முழுமை பெறும். 1999-க்குப் பின் வந்தவற்றைச் செயலியிலேயே விட்டுவிடலாம். மூலப்பதிவே மின்வடிவில் ஆனது, தட்டு தேடுவதால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது மொழி, ஆண்டு, படம், பாட்டு என்ற வரிசையே கைகொடுக்கும்: ‘தமிழ் – 1977 – 16 வயதினிலே – செந்தூரப் பூவே’. இசையமைப்பாளர், பாடலாசிரியர், உடன் பாடியவர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள். குறிப்புக் கட்டத்தில் ‘எக்கோ எல்பி’, ‘கொலம்பியா ஈபி’, ‘சென்டர் கேசட்’ என்று மூலத்தையும், தட்டில் அச்சிட்ட எண்ணையும் எழுதிவிடுங்கள். அதே பாட்டு நாளை இன்னும் நல்ல தட்டில் கிடைத்தால், இரண்டில் எதை அழிப்பது என்று அப்போது காட்டுவது அந்தக் குறிப்புதான்.